படகு வரைந்த இடத்தில் ஆமென்

அக்டோபர் 8, 1978, ஞாயிறு. இன்றைய தவறு: படகைப் படியெடுக்காமல் விட்டேன். அதனால் முப்பது நிமிடப் பிரசங்கம் எழுபத்தோரு நிமிடம் ஓடியது. பதினான்கு வீடுகளில் ஆட்டுத்தொடை கருகியது. பதினாறு என்கிறாள் மார்யுன். நாளை விசாரித்துத் திருத்த வேண்டும்.

எழுதி முடித்த சோல்ரூன், 'கருகியது' என்பதை அடித்துவிட்டு 'சற்று அதிகமாக வெந்தது' என்று மாற்றினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் அடித்துவிட்டு 'கருகியது' என்றே மறுபடி எழுதினாள். அவள் வீட்டு உருளைக்கிழங்குச் சட்டியும் அடிப்பிடித்துப் பின்வாசலில் ஊறிக்கொண்டுதான் இருந்தது.

இந்த நோட்டுப் புத்தகம் மாலைப் பள்ளியின் ஏற்பாடு. திங்களும் வியாழனும் மீன் ஆலை விட்டதும் அவள் சுரங்கப்பாதை வழியாகக் கிளாக்ஸ்விக் நகரத்துக்குப் போய், பழைய அச்செழுத்தும் பழைய கையெழுத்தும் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆசிரியருக்குப் பகலில் தபால் நிலையத்தில் வேலை. தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும், முதல் வரி அன்றைய தவறு, கடைசி வரி மறுநாள் வேலை என்பது அவருடைய சட்டம். மற்ற மாணவர்கள் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிட்டார்கள். சோல்ரூன் மட்டும் விடவில்லை. தவறுக்கு அவளிடம் என்றைக்கும் பஞ்சமில்லை என்பது அவளுடைய எண்ணம்.

அவள் இருந்த தீவுக் கிராமமான ஹாம்ராவீக்கில் குருவானவர் கிடையாது. ஒரே குருவானவர் ஏழு கோயில்களைக் கவனித்ததால், ஏழு ஞாயிறுக்கு ஒருமுறைதான் இங்கே வருவார். மற்ற ஆறு ஞாயிறும் ஊர் வாசகர் பெரிய புத்தகத்திலிருந்து பிரசங்கம் வாசிக்க வேண்டும். அந்தப் புத்தகம் கோபன்ஹேகனில் என்றைக்கோ அச்சானது. டேனிஷ் மொழி, முள்முள்ளாய்க் கறுப்பு எழுத்து, ஒரு ஆட்டுக்குட்டியின் கனம். புதிய பிரசங்கப் புத்தகங்கள் சொந்த மொழியிலேயே வந்துவிட்டன. ஹாம்ராவீக் மட்டும் அவற்றைத் தொடவில்லை. புதிய புத்தகத்தில் கடவுள் ரொம்ப இளகிவிட்டார் என்று அங்கே ஓர் அபிப்பிராயம் இருந்தது.

அக்கம்பக்கத் தீவுகளில் ஹாம்ராவீக்கின் கடவுள் பிரசித்தம். "எங்க ஊர் ஆண்டவரும் உங்க ஊர் ஆண்டவரும் வேற வேற ஆளு" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். ஹாம்ராவீக்காரர்கள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆகஸ்டில் பழைய வாசகர் மகளோடு இருக்கப் போய்விட்டார். பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால், இருபத்துநாலு வயது சோல்ரூன் கையில் கோயில் சாவி வந்து சேர்ந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஓரத்துல பென்சில்ல ஒரு படகு போட்டிருக்கும். படகு வந்தா நில்லு. ஆமென் சொல்லு. பாட்டுக்குப் போ."

ஒவ்வொரு பிரசங்கத்திலும் அந்தப் படகு இருந்தது. கட்டைவிரல் நகத்தளவு, இரண்டு துடுப்போடு. எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. திருச்சபை ஒரு கப்பல், அதுதான் என்றார்கள் சிலர். நோவாவின் பேழை என்றாள் சபைக் குழுத் தலைவி எல்ஸ்பா.

வாசிக்கும்போது தடுமாறிவிடுவோமோ என்ற பயத்தில், சோல்ரூன் ஒவ்வொரு வாரமும் புத்தகத்தில் பார்த்து ஒத்திகை பண்ணுவாள். இந்த வாரம் கூடுதல் ஜாக்கிரதையாக, பிரசங்கம் முழுவதையும் தன் கையெழுத்தில் எழுதியே எடுத்துவிட்டாள். மாலைப் பள்ளிக்கும் பயிற்சியாயிற்று. ஓர் எழுத்து விடவில்லை. படகு எழுத்தில்லை என்பதால் அதை மட்டும் எழுதவில்லை.

அன்றைய வசனம் ராஜாவின் கலியாண விருந்து. கலியாண அங்கி இல்லாமல் உட்கார்ந்திருந்தவனைக் கையும் காலும் கட்டிப் புறம்பான இருளிலே போட்டாயிற்று. வழக்கமாக அங்கேதான் படகு. சபையார் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தும்விட்டார்கள். சோல்ரூன் பக்கத்தைப் புரட்டி மேலே வாசித்தாள். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

நாற்பதாவது நிமிடத்தில் ஏதோ தப்பு என்று அவளுக்கே பட்டுவிட்டது. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பிரசங்கத்தில் ராஜா வாசலுக்கு வந்து நின்றார். அவர் கையில் அங்கிகள். அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு எப்படி ஆமென் சொல்வது? சொல்ல இடம் தேடித்தேடியே அவள் வாசித்துக்கொண்டு போனாள். ஐம்பதாவது நிமிடத்தில் ஜன்னல் வழியாகக் கருகல் வாசனை வந்தது. முதலில் ஒரு வீடு, பிறகு பல வீடுகள். பிரசங்கத்தின் நடுவே எழுந்து போவது ஹாம்ராவீக்கில் கிடையாது. ஐம்பத்திரண்டு பேர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, யார் வீட்டுக் கறி எது என்று வாசனையிலேயே அடையாளம் கண்டபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் எல்ஸ்பா அவளைப் பிடித்துக்கொண்டாள். எழுபது வயது, நாலு பிள்ளைகளை வளர்த்த குரல்.

"ஏண்டி, உன் வீட்ல அடுப்புன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு, எல்ஸ்பா."

"அதுல என்ன வச்சுட்டு வந்தே?"

"உருளைக்கிழங்கு."

"உருளைக்கிழங்கு! நான் போன வாரம் அறுத்த கடாவோட பின்னந்தொடையை வச்சுட்டு வந்தேன். இப்ப அதைச் செருப்புக்கு அடியில தச்சுக்கலாம். படகு கண்ணுல படலியா உனக்கு?"

"படியெடுக்கறப்ப விட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"மன்னிக்கிறதைப் பத்தித்தான் கடைசி அரைமணியும் வாசிச்சியே. போதும். வெள்ளிக்கிழமை குழு கூடுது. வந்து சேரு."

எல்லோரும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். முன்மண்டபத்தில் ஹானுஸ் மட்டும் மணிக்கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். ஊரின் படகு எஞ்சின்களை எல்லாம் பழுதுபார்க்கும் ஹானுஸ்தான் ஞாயிறுகளில் மணியடிப்பவர். அடித்துவிட்டு, உள்கதவுக்கு வெளியே கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்வார். உள்ளே வரமாட்டார். மணியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எட்டு வாரத்தில் அவர் சோல்ரூனிடம் பேசியது காற்றைப் பற்றி மட்டும்.

அன்றைக்கு அவர் கயிற்றைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த அங்கி... அதை வாசல்லயே வச்சுக் கொடுத்தாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு. ஒவ்வொருத்தருக்கும் ராஜாவே எடுத்துக் கொடுத்தாராம். அவன்தான் வேண்டாம்னுட்டு உள்ள போனானாம்."

"அது இத்தனை நாளா அந்தப் புஸ்தகத்துலயே இருந்துச்சா?"

"இருந்திருக்கு."

ஹானுஸ் தலையாட்டினார். "காத்து வடக்குக்குத் திரும்புது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மீன் ஆலையில், வாளைமீன் நீளத்துக்கு இருந்த கத்தியைத் தீட்டியபடியே மார்யுன் சொன்னாள்: "பதினாறுதான். எங்க அம்மா வீட்டைச் சேர்த்து." மார்யுன் ஹானுஸின் தங்கை மகள். இப்போதுதான் பிள்ளை பெற்று, நாலு மணிநேர வேலைக்குத் திரும்பியிருந்தாள். இருபத்திரண்டாம் தேதி குருவானவர் வரும்போது பிள்ளைக்கு ஞானஸ்நானம்.

"ஹானுஸ் மாமாவைக் கோயில்ல பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஞானத்தகப்பனா நிக்கச் சொல்லி மூணு தடவை கேட்டுட்டேன். முதல்ல கையெல்லாம் எண்ணெய்னாரு. கழுவிக்கலாமேன்னேன். அப்புறம் முதுகுவலின்னாரு. நாலு கிலோ பிள்ளை மாமா, டீசல் எஞ்சின் இல்லேன்னேன். அதுக்கப்புறம் பேச்சையே மாத்திட்டாரு."

"வேற யாரையாவது..."

"பிள்ளைக்கு ஓலாவுர்னு பேர் வைக்கப் போறேன். அவரோட அண்ணன் பேரு. அவர் தூக்காம வேற யாருடி தூக்குவா?"

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் ஹானுஸ் ஆலை வாசலுக்கே வந்துவிட்டார். சோல்ரூன் ரப்பர் ஏப்ரனோடு வெளியே வந்தாள்.

"லெந்து நோன்பு மூணாம் ஞாயித்துப் பிரசங்கத்துலயும் படகு இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்கு."

"அதுக்கப்புறம் எத்தனை பக்கம்?"

"பார்த்துச் சொல்றேன்."

"நீ தனியாப் பார்க்காதே. நானும் வரேன். நீ முன்னாடியே படிச்சுட்டா உன் மூஞ்சியே சொல்லிரும். உனக்கு ஒண்ணை மறைக்கத் தெரியாது."

இருவரும் அப்படியே கோயிலுக்கு நடந்தார்கள். அவர் உள்ளே வரமாட்டார் என்பதால், அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன்மண்டபத்துக்கு வந்து மீன்பெட்டியின் மேல் வைத்தாள். ஹானுஸ் கதவு நிலையில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி சொன்னார். எஞ்சினில் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்கிற அதே குரல்.

"நாப்பத்தொண்ணாம் வருஷம், யுத்த காலம். அண்ணன் மீன் ஏத்திக்கிட்டு ஸ்காட்லாந்து போன கப்பல் திரும்பல. எனக்குப் பத்தொம்பது வயசு. அந்தா, அந்தப் படகுத்துறையில நின்னு ஆண்டவரைக் கண்டபடி பேசினேன். என்னென்ன பேசினேன்னு உங்கிட்டச் சொல்லமாட்டேன். எதையும் விட்டுவைக்கல. அடுத்த ஞாயிறு லெந்து மூணு. ஆவியானவருக்கு விரோதமான தூஷணம், இம்மையிலும் மறுமையிலும் மன்னிப்புக் கிடையாது. ஆமென். பாட்டு." அவர் கட்டைவிரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குன்னே வாசிச்ச மாதிரி இருந்துச்சு. மன்னிப்பில்லாதவன் உள்ள உக்காந்து மத்தவனோட இடத்தை அடைப்பானேன்னு வெளிய வந்துட்டேன். மணியடிக்க ஆள் தேவைப்பட்டுச்சு. நல்லதாப் போச்சு."

சோல்ரூன் படகு இருந்த பக்கத்தைத் திறந்தாள். மீதிப் பக்கங்களில் இன்னும் மோசமாக எழுதியிருந்தால்? அதே ஆசிரியர், அதே கறுப்பு எழுத்து. முதல் பாதியில் ஒரு மனிதனை வாசலில் உட்கார வைத்தவர், இரண்டாம் பாதியில் வாசலையும் விட்டுத் துரத்தமாட்டார் என்று என்ன நிச்சயம்? ஞாயிற்றுக்கிழமை படகைப் பார்த்து ஒழுங்காக நின்றிருந்தால் இந்த வம்பே இல்லை.

"வாசி" என்றார் ஹானுஸ்.

படகுக்கு அப்பால் ஐந்து பக்கத்துக்கு, பிசாசுகள் மொத்தம் எத்தனை வகை என்று அந்தக் காலத்துப் பண்டிதர்கள் போட்டுக்கொண்ட சண்டை. அவள் மொழிபெயர்த்து வாசித்தாள். அதன் பிறகு மூன்று பக்கம் கோபன்ஹேகன் சாராயக்கடைகளைத் திட்டு.

"இவன் என்ன, சாராயக்கடைக்காரன்கிட்ட உதை வாங்கினவனா?"

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு கடைக்காரனுக்கு."

"தள்ளு, தள்ளு. வேண்டாம், தள்ளாதே. எல்லாத்தையும் வாசி."

ஆலைச் சங்கு ஊத ஏழு நிமிடம் இருக்கும்போது அந்த இடம் வந்தது. சோல்ரூன் ஒருமுறை மனதுக்குள் படித்தாள். ஹானுஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். அவள் அவசரமாக உரக்க வாசித்தாள்: "இந்தப் பாவத்தைத் தான் செய்துவிட்டதாக அஞ்சி வாசலிலே நிற்கிற மனிதனே, கேள். அஞ்சுகிறவன் அதைச் செய்தவனல்லன். அதைச் செய்தவன் அஞ்சுவதில்லை. அவனுக்கு வாசலும் வேண்டாம். துக்கத்தில் ஆண்டவரோடு சண்டையிட்டவர்கள் வேதத்தில் அநேகர் உண்டு. அவர் ஒருவரையும் வெளியே விட்டதில்லை. எழுந்திரு, உள்ளே போ. உன் இடம் காலியாக இருக்கிறது."

கடற்பறவை ஒன்று கூரைமேல் வளர்ந்திருந்த புல்லில் வந்து இறங்கிக் கத்தியது. ஹானுஸ் சோல்ரூன் எதிர்பார்த்ததைப் பேசவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். அப்புறம் எதுக்குப் படகு போட்டு நிறுத்தினாங்க?"

"தெரியல."

"காரணமில்லாமலா ஊர்ப் பெரியவங்க நிறுத்துவாங்க? மீதி பொருந்தாது, ஜனங்க கெட்டுப்போவாங்கன்னு தோணித்தானே கோடு போட்டிருப்பாங்க? நான் இன்னும் போல்ட் கழண்ட எஞ்சினை ஓடவிட்டதில்ல, சோல்ரூன். ஒருத்தன் வேண்டாம்னு கழட்டி வச்சதை, ஏன்னு தெரியாம நான் எடுத்து மாட்டமாட்டேன்."

அன்றைய தவறு என்று அவள் நோட்டில் எழுதியது: 'மீதியை வாசித்தால் போதும் என்று நினைத்தேன். போதவில்லை.' மறுநாள் வேலை: 'படகு ஏன்?'

புதன்கிழமை வேலை முடிந்ததும் அவள் கோயிலில் உட்கார்ந்து, அறுபத்துமூன்று பிரசங்கத்துக்கும் கோடு போட்டுப் பட்டியல் எழுதினாள். பிரசங்கம் தொடங்கும் பக்கம், படகு உள்ள பக்கம், முடியும் பக்கம், படகின்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது. முப்பதாவது வரியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆரம்பப் பக்கத்திலிருந்து எண்ணினால் படகு எப்போதும் பன்னிரண்டாம் பக்கத்திலோ பதின்மூன்றாம் பக்கத்திலோதான். பொருளைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் மேய்ப்பர்கள் இருட்டில் பயந்துகொண்டு நிற்கிறார்கள். தேவதூதன் வாய் திறக்குமுன் படகு. கெட்ட குமாரன் இன்னும் பன்றித் தொட்டியருகே பசியோடு இருக்கிறான், படகு. ஈஸ்டரில் பெண்கள் கல்லறைக்குப் போகிற வழியில் கல்லை யார் புரட்டுவார் என்று பேசிக்கொள்கிறார்கள், படகு. தான் பிறந்ததிலிருந்து இந்தக் கோயிலில் ஒரு ஈஸ்டருக்குக்கூடக் கல் புரளவில்லை என்பதை நினைத்து, ஆளில்லாத கோயிலில் வாய்விட்டுச் சிரித்தாள். உடனே, கணக்கில் எங்காவது பிசகியிருப்போமோ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிசகவில்லை.

புத்தகத்தின் கடைசித் தாளின் பின்புறம் யாரோ பழைய கையெழுத்தில் நெருக்கமாக எழுதியிருந்தார்கள். அது ஆட்டுக் கணக்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சோல்ரூனும் சின்ன வயதிலிருந்தே அதை ஆட்டுக் கணக்கு என்றே பார்த்திருந்தாள். இன்றைக்கு, பட்டியலை முழுமையாக்க வேண்டுமே என்று அதையும் எழுத்து எழுத்தாகப் படித்தாள். ஆட்டைக் காணோம்.

வியாழக்கிழமை வகுப்பில் அதன் நகலை ஆசிரியரிடம் நீட்டினாள். "நான் தப்பாப் படிச்சிருப்பேன். பாருங்களேன்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. நீ இதை நம்பாம எங்கிட்டக் கொண்டாந்ததுதான் இன்னிக்கு உன் தவறு. நோட்ல எழுதிக்கோ."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குழு கூடுமுன், அவள் ஹானுஸின் படகுக்கொட்டகைக்குப் போனாள். அவர் ஒரு எஞ்சினின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசித்தாள்: "ஸ்டாப்பநெஸ் மக்களுக்குக் கோயில் இல்லாமையால் படகில் வந்து நம்மோடு ஆராதிக்கிறார்கள். நீரோட்டம் திரும்புமுன் அவர்கள் துடுப்பெடுக்க வேண்டும். ஆகையால் படகு வரைந்த இடத்தில் நிறுத்துகிறேன். மீதியை நம்மவர்க்குப் பிற்பகலில் வாசிப்பேன். யாக்குப், வாசகன், 1841."

ஹானுஸ் கையை வெளியே எடுத்தார். "மறுபடி வாசி."

வாசித்தாள்.

"அப்பல்லாம் கோயில் எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டுக்குன்னு மேல எழுதியிருக்கார்."

ஹானுஸ் எண்ணெய்க் கையோடு தரையில் கோடு கிழித்தார். இது நம்ம முனை, இது ஸ்டாப்பநெஸ், இது நடுவில் உள்ள பாறை. உதடு அசைய ஏதோ எண்ணினார். "மேற்கு ஓட்டம் திரும்பிட்டா அந்தப் பாறைக்கிட்ட எட்டுத் துடுப்பு போட்டாலும் படகு நகராது. ஆறு மணிநேரம் கரையிலயே கெடக்கணும். எந்த ஞாயிறு எப்பத் திரும்பும்னு பார்த்துக்கிட்டிருக்க முடியாம, அரைமணின்னு பொதுவா ஒரு கணக்கு வச்சிருக்கான் மனுஷன்." அவர் நிமிர்ந்தார். "இது நெசம். அந்த ஓட்டத்தை எனக்குத் தெரியும்."

"அவர் செத்தப்புறம் பிற்பகல் வாசிப்பு நின்னு போயிருக்கணும். படகு மட்டும் தங்கிருச்சு."

"ஸ்டாப்பநெஸ்காரங்க!" ஹானுஸ் கந்தைத்துணியை எஞ்சின்மேல் வீசினார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சோல்ரூன் பயந்துபோனாள். சிரித்துக்கொண்டிருந்தார். "அவனுங்களுக்கு அறுபதாம் வருஷமே ரோடு போட்டாச்சு! கார்ல வந்து கடைசி பெஞ்சில உக்காந்து தூங்கறானுங்க! அவனுங்க வீட்டுக்குப் போகணும்னு நான் முப்பத்தேழு வருஷமா மீன்பெட்டியில..." மேலே சொல்ல முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் எண்ணெயாயிற்று.

குழு பள்ளிக்கூட அறையில், குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்காலை இடித்துக்கொண்டு கூடியது. எல்ஸ்பா முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்: படகில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். "பாதிப் பிரசங்கத்துல வளர்ந்த ஊர் இது. இங்க எவனும் திருடினதில்ல, எவனும் கதவைப் பூட்டினதில்ல. நான் நாலு பிள்ளைங்களை அந்தப் பாதியை வச்சுத்தான் நிமுத்தினேன். மீதியைக் கேட்டா அவனுங்க என்ன ஆயிருப்பானுங்களோ!"

சோல்ரூனுக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை. அவளும் அந்தப் பாதியில் வளர்ந்தவள்தான். அவள் தினமும் தவறு எழுதுவதும் அதனால்தானோ என்னவோ. அவள் பட்டியலை மேசையில் வைத்தாள், மீதியில் சாராயக்கடைத் திட்டும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னாள், பிறகு கடைசித் தாளை வாசித்தாள். பெயரையும் ஆண்டையும் கேட்டதும் எல்ஸ்பா கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாக்குப்பா? கிணத்தடி வீட்டு யாக்குப்பா?"

"வீட்டுப் பேர் எழுதல. ஆனா அந்த வருஷம் வாசகர் கிணத்தடி வீட்டுக்காரர்தான். பதிவேட்ல பார்த்துட்டேன்."

"அது எங்க கொள்ளுத்தாத்தாடி."

எல்ஸ்பா பட்டியலைத் தன் பக்கம் இழுத்து விரலை ஓட்டினாள். ஈஸ்டர் வரியில் விரல் நின்றது.

"கல்லு புரளவே இல்லியா?"

"படகுக்கு அந்தப் பக்கம் ரெண்டாவது பக்கத்துல புரளுது."

"நாங்க பாட்டுக்கு 'உயிர்த்தெழுந்தார்'னு பாடிக்கிட்டு இருந்திருக்கோம்." எல்ஸ்பா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "கிணத்தடி வீட்டுக்காரர் பிற்பகல்ல வாசிக்கிறேன்னு வாக்குக் கொடுத்திருக்கார். வீட்டுப் பேர் கெடக்கூடாது. ஆனா மறுபடி ஒரு தொடை கருகினா நான் பொறுப்பில்ல. எழுதிக்கோ: பிரசங்கம் முழுசு. அடுப்பு ஏத்தறது ஒரு மணிநேரம் தள்ளி. சாராயக்கடையைத் திட்டற பக்கம் வந்தா..."

"தள்ளிரலாமா?" என்றார் ஒருவர்.

"நிதானமா வாசி" என்றாள் எல்ஸ்பா. "என் மூணாவது பிள்ளை காதுல விழணும்."

பதினைந்தாம் தேதி பிரசங்கம் அறுபத்தாறு நிமிடம் ஓடியது. மூன்று பேர் தூங்கினார்கள், அதில் இருவர் ஸ்டாப்பநெஸ்காரர்கள். ஹானுஸ் மீன்பெட்டியில்தான் உட்கார்ந்திருந்தார். மார்யுன் நாலாவது தடவையாகக் கேட்டாள். "பார்ப்போம்" என்றாராம். முதுகுவலியைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லையாம்.

இருபத்திரண்டாம் தேதி குருவானவர் வந்தார். சோல்ரூனுக்கு வாசிக்கிற வேலை இல்லை. பலகையில் பாட்டு எண்களை மாட்டிவிட்டு உள்கதவோரம் நின்றாள். மூன்றாம் மணி அடித்து ஓய்ந்தது. ஹானுஸ் கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினார். மீன்பெட்டியைப் பார்த்தார். கையை விரித்து நகக்கண்களைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன. நிலைப்படியருகே வந்து நின்றுகொண்டார்.

முன்வரிசையிலிருந்து எல்ஸ்பாவின் குரல் வந்தது. "கதவைச் சாத்திக்கிட்டு உள்ள வாப்பா. முப்பத்தேழு வருஷமா எங்களுக்குக் குளிருது."

சபையே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஹானுஸ் நிலைப்படியைத் தாண்டிவிட்டார். புது பூட்ஸ் அடிக்கு ஒரு தரம் கீச்சிட்டது. மார்யுன் பிள்ளையை அவர் கையில் வைத்தாள். கனமான எஞ்சினைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"பிள்ளைக்குப் பெயர் என்ன?" என்றார் குருவானவர்.

பிள்ளை ஹானுஸின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தது.

"ஓலாவுர்" என்றார். முன்மண்டபம் வரைக்கும் கேட்டது.

அக்டோபர் 22, ஞாயிறு. இன்றைய தவறு: பலகையில் 214க்குப் பதில் 241 என்று மாட்டினேன். பாதிச் சபை பலகையைப் பார்த்து ஒரு பாட்டையும், மீதிச் சபை குருவானவர் வாயைப் பார்த்து இன்னொரு பாட்டையும் பாடியது. ஹானுஸ் இரண்டையும் பாடினார். கறி எந்த வீட்டிலும் கருகவில்லை (விசாரித்தாயிற்று). நாளைய வேலை: அடுத்த ஞாயிறின் பிரசங்கத்தைப் படியெடுக்கத் தொடங்குவது, பக்கம் 702 முதல் 729 வரை. படகையும் வரைய வேண்டும் (அங்கே நிற்பதற்கில்லை). அதற்குப் பென்சில் சீவ வேண்டும்.